காலரின் உள்பக்கம்

பத்தே கால் வண்டி இப்போதுதான் போனது தம்பி. இனி பதினொன்றரைக்குத்தான். வெயிலில் நிற்க வேண்டாம், இப்படி நிழலில் உட்காருங்கள்.

டீச்சர் எல்லாவற்றையும் காட்டியிருப்பார். மதகு, நீர்நாய்ப் பொந்து, துணி பிரிக்கிற கொட்டகை. என்னைப் பற்றியும் ஏதாவது சொல்லியிருப்பார். சொல்லவில்லையா? சரி. செண்பகவல்லி டீச்சர் நல்லவர். முப்பது வருஷம் பெண்கள் பள்ளியில் தாவரவியல் நடத்தியவர். எந்தச் செடியைப் பிடுங்க வேண்டும், எதை விட்டுவைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். என்னைப் பிடுங்கிவிட்டார், அவ்வளவுதான்.

உங்கள் ஊர் ஆற்றிலும் துணித் தொல்லை என்று எழுதியிருந்தீர்களாம். இங்கே எப்படிக் குறைத்தோம் என்று தெரிந்துகொள்ள வந்திருக்கிறீர்கள். அதை டீச்சர் முழுதாகச் சொல்லியிருக்க முடியாது. குறைத்தது நான்.

மலையிலிருந்து இறங்கி இந்த மண்டபத்துப் படித்துறைக்கு வருகிறவரை ஈச்சையாறு ஓர் ஆறு. அதற்குக் கீழே, நாங்கள் ஆரம்பித்தபோது, அது ஜவுளிக்கடை. அமாவாசைக்கு அமாவாசை எங்கெங்கிருந்தோ வந்து முங்குவார்கள். உடுத்திய துணியைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு, வேறு மாற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் படியேறிவிட வேண்டும். பீடை போய்விடும். வீட்டில் யாராவது இறந்திருந்தால் அவர்கள் துணியையும் கொண்டுவந்து விடுவார்கள். உங்களுக்குத் தெரியாததா. விட்டவர்கள் போய்விடுவார்கள். துணி எங்கே போகும்? பாறைச் சந்தில் பாசியோடு அடைக்கும். மதகில் சுற்றிக்கொள்ளும். முதல் வருஷம் ஒரு நீர்நாய்க் குட்டி சேலை முந்தானையில் கழுத்து மாட்டிச் செத்துக் கிடந்தது. அதைப் பார்த்த பிறகுதான் டீச்சர் ஆள் சேர்த்தார். ஏழு பேர் சேர்ந்தோம். அமாவாசைக்கு மறுநாள் விடிந்ததும் வந்து கொக்கி போட்டு இழுப்போம். இன்று நீங்கள் பார்த்தது அதுதான்.

ஒன்று சொல்கிறேன், உங்கள் ஆட்களிடம் சொல்லுங்கள். சேலை இழுப்பது சுலபம். சட்டைதான் கஷ்டம். தண்ணீருக்குள் சட்டை உப்பிப்போய் இருக்கும். கொக்கியில் மாட்டி இழுத்தால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மேலே வரும். புது ஆட்கள் முதல் தடவை கொக்கியை விட்டுவிட்டு ஓடுவார்கள். இரண்டாம் தடவை ஓட மாட்டார்கள். ஆனால் வீட்டுக்குப் போய்க் கொடியில் காயும் சட்டையைப் பார்த்துச் சற்று நின்றுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். நான் இப்போதும் நிற்கிறேன்.

என் பெயர் ஆவுடையப்பன். அப்படிக் கேட்டால் இங்கே யாருக்கும் தெரியாது. போஸ்ட்மேன் அண்ணாச்சி என்றால் தெரியும். முப்பத்து நான்கு வருஷம், அடிவாரத்தில் பதினொரு ஊர், ஒரே சைக்கிள். பெயரும் ஊரும் இருந்தால் போய்ச் சேர்ந்தாக வேண்டும். பின்கோடு தப்பு, கதவு எண் தப்பு, ஆள் வீடு மாறிவிட்டார், இதெல்லாம் என்னிடம் செல்லாது. ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டார்கள். மறுநாளிலிருந்து எந்த வாசலிலும் யாரும் என்னை எதிர்பார்க்கவில்லை. அது வேறு விஷயம்.

ஒரு மாசி மாதம் கொட்டகையில் துணி பிரித்துக்கொண்டிருந்தபோது ஒரு கம்பெனிச் சட்டை கையில் வந்தது. பைக்கு மேலே கம்பெனி பெயர், ஆள் பெயர், இரண்டும் நூலில் தைத்திருந்தது. இதை அந்த ஆளிடமே கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன என்று கேட்டேன்.

மைதீன் எங்கள் குழுவில் ஒருவர், தையல்காரர். சிரித்தார். "என்ன வே, பீடைக்கே ரிட்டர்ன் போடுதீரா?"

"பேரு இருக்கு, ஊரு இருக்கு. பெறவு என்ன?"

"வாங்குதவன் உம்ம மண்டைய ஒடைப்பான்."

உடைக்கவில்லை. துவைத்து, இஸ்திரி போட்டு, பழுப்புத் தாளில் சுற்றி, நூல் கட்டிக் கொண்டுபோனேன். அந்த ஆள் கையெழுத்துப் போட்டு வாங்கினான். பிரித்துப் பார்த்தவன் முகம் சாம்பலாகிவிட்டது. அதிலிருந்து தொடங்கினேன். எல்லாத் துணியிலும் பெயர் இருக்காது. சலவைக் குறி இருக்கும், தையல்கடைத் துண்டு இருக்கும். தையல்கடைத் துண்டு இல்லாவிட்டாலும் காலரை மடக்கியிருக்கிற விதத்தைப் பார்த்து இன்ன கடையில் தைத்தது என்று மைதீன் சொல்லிவிடுவார். திட்டிக்கொண்டே சொல்லுவார். ஒரு வீட்டில் பொட்டலத்தைத் தெருவில் எறிந்துவிட்டு வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். ஒரு கண்டக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, இப்பத்தான் ஒரு வரன் கூடி வருது, நீங்க வந்ததே தெரியாம போயிருங்க" என்றார். போனேன். பொட்டலத்தை வைத்துவிட்டுத்தான் போனேன்.

ஆறு மாதம். மண்டபத்துறையில் துணி விட்டால் அது வீட்டுக்கே வந்துவிடும் என்று பேச்சுப் பரவியது. வருகிறவர்கள் துணியைப் பிழிந்து பையில் போட்டு எடுத்துப் போக ஆரம்பித்தார்கள். வந்த துணியில் பாதி குறைந்துவிட்டது. டீச்சர் கூட்டத்தில் எழுந்து கைதட்டினார். அதைச் சொன்னாரா உங்களிடம்? சொல்லியிருக்க மாட்டார்.

அப்புறம் ஆடி அமாவாசை. போன ஆடி இல்லை, அதற்கு முந்தியது.

மறுநாள் நான் இழுத்ததில் ஒரு வெள்ளைச் சட்டை. பள்ளிக்கூடச் சட்டை. காலரின் உள்பக்கம் அழியாத மையில் எழுதியிருந்தது: பொ. கோமதிநாயகம், 12 பி. விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைகள் துணி மாறிவிடக் கூடாதென்று அப்படி எழுதுவார்கள். மைதீன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை விட்டுரும் வே."

"ஏன்?"

"பொத்தான் எல்லாத்தையும் போட்டு, மடிச்சு விட்டிருக்கு பாரும். உசிரோட இருக்கவன் சட்டைய யாரு மடிச்சு ஆத்துல போடுவா?"

"தச்சது யாரு? அதைச் சொல்லும்."

மைதீன் சொல்லவில்லை. முதல் தடவையாகச் சொல்லவில்லை. நானே நான்கு நாள் அலைந்து கண்டுபிடித்தேன். சட்டையைத் தைத்தவர் அளவு நோட்டைப் பார்த்து ஊர் சொன்னார். மேலக்காவூர், பீடிக் கடைக்குப் பின்னால் மூன்றாவது வீடு. வேறு ஏதோ சொல்லவும் வாயெடுத்தார். எனக்கு வண்டிக்கு நேரமாகியிருந்தது.

மைதீன் சொன்னதை நான் யோசிக்காமல் இல்லை. யோசித்தேன். தபால்காரன் உறைக்குள் இருப்பதைப் படிக்கக் கூடாது. அப்படித்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. மேலே என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் நமக்கு.

நல்ல உச்சி வெயில். அந்தம்மா வாசலை ஒட்டி உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். மடியில் தட்டு. நாற்பது, நாற்பத்திரண்டு வயதிருக்கும். பெயர் சண்முகவடிவு என்று பிறகு தெரிந்தது.

"கோமதிநாயகம் வீடு இதானம்மா?"

கையில் இருந்த இலை அப்படியே நின்றது. "ஆமா."

"ஒரு பார்சல் இருக்கு. பிரிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

தட்டைக் கீழே வைத்தாள். கையைச் சேலையில் துடைத்தாள். நூலை அறுக்கவில்லை, முடிச்சை அவிழ்த்தாள். சட்டையை எடுத்து, நேராகக் காலரைத் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் முகத்தில் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் வைத்திருந்தாள். எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நீலம் போட்டிருக்கான்" என்றாள். "நீலமே பிடிக்காது அவனுக்கு. இஸ்திரிகூடப் போட்டிருக்கான், பாருங்க."

நான் போட்ட நீலம். நான் போட்ட இஸ்திரி.

"எந்த ஊர்ல இருந்து அண்ணாச்சி வருது?"

"ஊர் போடலம்மா. பேர்தான் இருந்தது."

வழக்கமாக நான் ஒரு பிரசங்கம் செய்வேன். ஆறு நம் தாய், அதில் துணியைப் போடலாமா என்று. டீச்சர் எழுதிக் கொடுத்தது. அன்றைக்கு அதைச் செய்யவில்லை. ஏன் என்று டீச்சர் கூட்டத்தில் கேட்டார். என்ன சொல்வது? என் கையிலிருந்து ஒன்றை வாங்கி ஒருத்தி அப்படிச் சிரித்துப் பல வருஷமாகிவிட்டது தம்பி. உள்ளே போய் மோர் கொண்டுவந்தாள். குடித்தேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அவள் வீட்டுக்காரர் என்னைத் தேடி இங்கே வந்தார். பொன்னுலிங்கம். வாழைத்தார் லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். இந்தப் படியில்தான் உட்கார்ந்தார். அவர் சொல்லித்தான் எனக்கு எல்லாம் தெரியும்.

பையன் பிளஸ் டூ பரீட்சை எழுதியிருந்தான். முடிவு வருவதற்குள், சித்திரையில், நாற்கரச் சாலையில் லாரி அடித்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து சுற்றிக் கட்டித்தான் கொடுத்தார்கள். தாய்க்கு முகம் காட்டவில்லை. காட்ட முகம் இல்லை என்றார். அது என் பிள்ளை இல்லை, வேறு யாரையோ கொண்டுவந்து எரிக்கிறீர்கள் என்று அவள் அன்றைக்கே சொல்லியிருக்கிறாள். அவன் பள்ளிக்கூடச் சட்டையை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று மாதம் அதன்மேல் தலை வைத்துப் படுத்திருக்கிறாள். சாப்பாடு இல்லை. பொன்னுலிங்கத்துக்குப் பயம் வந்துவிட்டது. ஆடி அமாவாசைக்கு அவளுக்குத் தெரியாமல் எடுத்து வந்து, பொத்தான் போட்டு, மடித்து, ஆற்றில் விட்டுவிட்டார். அவள் இரண்டு நாள் வீடெல்லாம் தேடினாளாம். மூன்றாம் நாள் ஒரு வாய் சாப்பிட்டாளாம். நாலாம் நாள் பீடித் தட்டை மடியில் எடுத்து வைத்தாளாம்.

ஐந்தாம் நாள் நான் போயிருக்கிறேன்.

"இப்ப தெனமும் அவனுக்குச் சோத்துத் தட்டு போட்டு வைக்கா அண்ணாச்சி. சட்டைய அவனே வந்து எடுத்துட்டுப் போயிருக்கான், தொவச்சு அனுப்பியிருக்கான்ங்கா. தபால்காரர் வந்தாராங்கா. வாசல விட்டு நகர மாட்டேங்கா."

"நான் என்ன செய்ய?"

"நீங்க வந்து சொல்லுங்க. ஆத்துல கெடந்ததுன்னு சொல்லுங்க. நான் போட்டேன்னு மட்டும் சொல்லிராதீங்க. அவளுக்கு நான் மட்டுந்தான் மிச்சம்."

போனேன். போகாமல் இருக்கவில்லை, அதை டீச்சர் மறந்துவிடுகிறார். அவள் முன்னால் நின்று, இந்தச் சட்டை ஈச்சையாற்றில் மண்டபத்துறைக்குக் கீழே கிடந்தது, நான்தான் துவைத்தேன், நான்தான் இஸ்திரி போட்டேன் என்று சொன்னேன். கவனமாகக் கேட்டாள்.

"ஆத்துல யாரு போட்டா?"

பொன்னுலிங்கம் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

"யார் போட்டான்னு எங்களுக்குத் தெரியாதும்மா. கெடக்கதை எடுப்போம்."

"அப்ப ஆத்துக்கு வந்திருக்கான்" என்றாள். "குளிச்சிட்டு விட்டுட்டுப் போயிருக்கான்."

அடுத்த அமாவாசைக்கு மறுநாள் முதல் வண்டியில் வந்து இறங்கினாள். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நேராகத் தண்ணீருக்குள் இறங்கினாள். நாங்கள் கொக்கியில் இழுக்கிறதை அவள் கையாலேயே இழுத்தாள். பாறைச் சந்துக்குள் தோள் வரை கைவிட்டு எடுத்தாள். எடுத்த ஒவ்வொன்றின் காலரையும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கரையில் போட்டாள். சேலை வந்தால் பார்க்காமல் போடுவாள். சட்டை வந்தால் முதலில் அதன் கைகளைச் சேர்த்து மடக்கிக்கொள்வாள், பிறகுதான் பார்ப்பாள்.

அன்றிலிருந்து ஒரு மாதம் தவறவில்லை. காய்ச்சலோடு வந்திருக்கிறாள். ஐப்பசியில் வெள்ளம் வந்தபோது டீச்சர் எங்களையே இறங்கக் கூடாது என்றார். அவள் இறங்கினாள். பொன்னுலிங்கம் இடுப்பில் கயிறு கட்டிக் கரையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆற்றை நீங்களே பார்த்தீர்கள். மதகு ஒன்றரை வருஷமாக அடைக்கவில்லை. நீர்நாய் மூன்று ஜோடி வந்திருக்கிறது. கல்லடியில் மீன் முட்டையிடுகிறது. இதெல்லாம் ஏழு பேர் செய்ததா? மகளிர் தினத்தன்று பத்திரிகையில் அவள் படம் வந்தது. ஆற்றுக்காகத் தன்னை அர்ப்பணித்த தாய் என்று போட்டிருந்தார்கள். தாய் என்பது சரிதான்.

காலையில் அவளைப் பார்த்திருப்பீர்களே. பாறைக்கு அந்தப் பக்கம், தலையில் சிவப்புத் துண்டு. நீங்கள்கூட டீச்சரிடம், இப்படி ஒருவர் எங்களுக்குக் கிடைத்தால் போதும் என்று சொன்னீர்களாம். மைதீன் சொன்னார்.

டீச்சருக்கு விஷயம் போன வருஷம் தையில் தெரிந்தது. பொன்னுலிங்கமே சொல்லிவிட்டார். டீச்சர் முதலில் வீடு வீடாகத் துணி கொடுப்பதை நிறுத்தினார். குறைந்திருந்த துணி அதற்கப்புறம் கூடியது. அதைப் பதிவேட்டில் காட்டினேன். பார்க்கவில்லை. அந்தம்மாவை உட்கார வைத்து அவரே பேசிப் பார்த்தார். வடிவு பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க பாத்தீங்களா டீச்சர்? போஸ்ட்மேன் அண்ணாச்சி சொல்லட்டும், நம்புதேன்" என்று சொல்லிவிட்டாள். பொன்னுலிங்கம் நான்தான் போட்டேன் என்று சொன்னபோதும் அதையேதான் சொல்லியிருக்கிறாள். என்னைச் சாப்பிட வைக்கப் பொய் சொல்கிறீர் என்றாளாம். கொண்டுவந்து கொடுத்தவன் நான். அதனால் என் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

"சொல்லுங்க" என்றார் டீச்சர். "அவர் புருஷன் போட்டதை, அவர் உங்ககிட்ட வந்து ஒத்துக்கிட்டதை, எல்லாத்தையும் சொல்லுங்க."

"இந்த மழைக்காலம் போகட்டும் டீச்சர். மதகு…"

"இந்த ஆறு நாறிப்போனாலும் பரவாயில்ல அண்ணாச்சி. போய்ச் சொல்லுங்க."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆற்றுக்கென்று சேர்ந்த குழுவின் தலைவி பேசுகிற பேச்சா அது? சொல்லும்வரை இங்கே வர வேண்டாம் என்றார். நான் வருவதை நிறுத்தவில்லை. தண்ணீருக்குள் இறங்குவதை மட்டும் நிறுத்தியிருக்கிறேன். இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

பொன்னுலிங்கம் இப்போது வேறு மாதிரி கேட்கிறார். என் பெயரையே சொல்லிவிடுங்கள், என்னை விட்டுப் போனால் போகட்டும், அவள் தண்ணீரை விட்டு ஏறினால் போதும் என்கிறார். சொல்லலாம். ஒரு தடையும் இல்லை. ஒவ்வொரு தடவையும் சொல்லத்தான் வருகிறேன். அவள் வண்டியை விட்டு இறங்கியதும் நேராக என்னிடம்தான் வருவாள். முகத்தைப் பார்ப்பாள். நான் பதினொரு ஊரிலும் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கெல்லாம் அடுத்த வீட்டுக்கு சைக்கிளை மிதித்துவிடலாம்.

நேற்று அமாவாசையன்றே வந்துவிட்டாள். ஒரு நாள் முந்தி. கையில் ஒரு பொட்டலம். பழுப்புத் தாள், நூல், நான் கட்டுகிற மாதிரியே கட்டியிருந்தாள்.

"பொங்கலுக்குத் தச்சது அண்ணாச்சி. ரெண்டு இஞ்ச் கூட்டி வைக்கச் சொன்னேன். பத்தொம்பது முடிஞ்சிருச்சுல்ல அவனுக்கு."

பொட்டலத்தை என் பக்கம் நீட்டினாள்.

"அங்கேருந்து இங்க கொண்டாந்தீங்கள்ல. இங்கேருந்து அங்க சேத்துருங்க."

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். பொன்னுலிங்கம் பின்னால் நான்காவது படியில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சரும் கொட்டகை வாசலுக்கு வந்துவிட்டார். அவள் இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டிருந்தாள். நான் வாங்கிக்கொண்டேன். விலாசம் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை, எனக்குத் தெரியும் என்று நினைக்கிறாள்.

பொன்னுலிங்கம் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். டீச்சர் கொட்டகைக்குள் போய்விட்டார். இன்று காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. அதனால்தான் உங்களிடமும் சொல்லியிருக்க மாட்டார்.

நேற்று ராத்திரி முழுக்க அதை வீட்டில் வைத்திருந்தேன். மேசைமேல் வைத்தேன், பீரோவில் வைத்தேன், எடுத்துப் பிரித்துப் பார்த்து, மறுபடி கட்டி வைத்துத் திண்டாடிவிட்டேன். வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருக்கிறது தம்பி. எரிக்க மனசு வரவில்லை, புதுத் துணி, ஓரத்தில் மஞ்சள் தடவியிருக்கிறாள். யாருக்காவது கொடுத்தால் போட்டுக்கொண்டு இந்தப் பக்கமே வருவான். இந்த ஆற்றில் விடலாமென்றால் எந்தச் சந்தில் விட்டாலும் அடுத்த மாதம் அவள் கைக்கு வந்துவிடும். அவள் வேலை அப்படி. நீங்களே பார்த்தீர்கள்.

அந்தா, மலை வளைவில் திரும்புகிறதே, அதுதான் உங்கள் வண்டி. இதைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கனமில்லை. உங்கள் ஆறு இங்கிருந்து இருநூறு மைல், அவ்வளவு தூரம் அவள் வரப்போவதில்லை. நீங்கள் எதற்காக இங்கே வந்தீர்கள் என்று எனக்குத் தெரியாமல் கேட்கவில்லை. ஒரே ஒரு சட்டை. நல்ல இழுப்பு இருக்கிற இடமாகப் பார்த்து விடுங்கள்.

விடுவதற்கு முன்னால் ஒரு வேலை. காலரின் உள்பக்கம் பெயரையும் ஊரையும் நூலால் தைத்திருக்கிறாள். அதை மட்டும் பிரித்துவிடுங்கள். உங்கள் ஊரிலும் ஓய்வு பெற்ற தபால்காரன் எவனாவது இருப்பான்.